எருவும் வைக்கோலும் தீவனமாகுமா? நொதித்தல் செய்வதும் செய்யாததும்

கோழி எருவையும் வைக்கோலையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் அடைக்க வேண்டும். வெல்லக் கரைசலை ஊற்ற வேண்டும். நுண்ணுயிர்க் கரைசல் ஒரு பாட்டில் சேர்த்து மூன்று வாரம் மூடி வைத்தால், பிண்ணாக்கை மிஞ்சும் தீவனம் தயார். மாடு வளர்ப்பவர்களிடையே இப்படி ஒரு செய்முறை உலவுகிறது. பிண்ணாக்கும் தவிடும் விற்கிற விலையில் இதைக் கேட்டு ஆசைப்படாதவர் குறைவு.

இதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். பசுந்தீவனத்தைப் புளிக்கவைப்பது உண்மை. வைக்கோலின் தரத்தை உயர்த்த வழி இருப்பதும் உண்மை. கோழி எருவை மாட்டுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். மூன்றையும் ஒரே டிரம்மில் போட்டு 'நொதித்த தீவனம்' என்று பெயர் சூட்டும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

## இட்லி மாவிலிருந்து தொடங்குவோம்

உளுந்தும் அரிசியும் அரைத்து இரவில் மூடி வைக்கிறோம். தானியத்தின் மேல் முன்பே ஒட்டிக்கொண்டிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. வாயு மாவைப் பொங்க வைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இப்படி நுண்ணுயிர்கள் காற்றின் துணையில்லாமல் சர்க்கரையை உடைத்து அமிலமாகவோ சாராயமாகவோ மாற்றுவதுதான் நொதித்தல்.

பொங்கிய மாவு இரண்டு மடங்காகத் தெரிகிறது. எடை போட்டுப் பார்த்தால் கூடியிருக்காது, இம்மியளவு குறைந்திருக்கும். பாக்டீரியா தின்ற சர்க்கரையில் ஒரு பகுதி வாயுவாகப் போய்விட்டது. மாவிலுள்ள புரதம் நாம் போட்ட உளுந்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வந்ததுதான். உளுந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கூடுதல் நேரம் புளிக்கவைத்து ஈடுகட்டலாம் என்று எந்த வீட்டிலும் நினைப்பதில்லை. மாட்டுத் தீவனம் என்று வந்ததும் அந்தத் தெளிவு எங்கேயோ போய்விடுகிறது.

நொதித்தலுக்குச் சர்க்கரை வேண்டும். அது அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பொருளைக் கெடாமல் காக்கும். சத்தைப் புதிதாகப் படைப்பது அதன் வேலையில் இல்லை.

## ஊறுகாய்ப் புல்: நொதித்தல் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் இடம்

மக்காச்சோளம், சோளம், கம்பு நேப்பியர் போன்ற பசுந்தீவனத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, குழியிலோ பையிலோ காற்றுப் போக மிதித்து அடைத்து மூடினால் கிடைப்பது ஊறுகாய்ப் புல். சைலேஜ் என்றும் சொல்வார்கள். உள்ளே அகப்பட்ட கொஞ்சநஞ்சக் காற்று தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்ற அளவில் 7 நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல ஊறுகாய்ப் புல்லில் அது 4-ஐ ஒட்டி வந்து நிற்கும். அந்தப் புளிப்பில் அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. காற்றும் புகாமல் இருந்தால் தீவனம் மாதக்கணக்கில் கெடாது.

எல்லாம் ஈரத்தின் கையில் இருக்கிறது. நறுக்கிய தீவனத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரித்துப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். ஒரு நாள் வாட விட வேண்டும். விரித்தவுடன் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. காற்று உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உருண்டை சற்று நேரம் நின்று மெல்ல விரிந்தால், கை ஈரமாகியும் சொட்டாமல் இருந்தால், சுமார் 65 முதல் 70 சதவீத ஈரம். அதுதான் வேண்டும்.

குழியைத் திறக்கும்போது மூக்கே பரிசோதனைக்கூடம். புளித்த பழ வாடை வந்தால் நல்லது. கெட்டுப்போன வெண்ணெய் போல் குமட்டினால், கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா இனம் வென்று பியூட்ரிக் அமிலத்தைத் தயாரித்திருக்கிறது. ஈரம் மிகுந்தும் சர்க்கரை குறைந்தும் இருந்தால் இப்படி ஆகும். நீலமும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அந்தப் பகுதியை 'மாடு தின்றுவிடும்' என்று கொடுக்கக் கூடாது. சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் உடல் வழியாகப் பாலுக்கே வந்து சேரும்.

இவ்வளவு சிரமப்பட்டு மூடினாலும், உள்ளே வைத்ததைவிடச் சற்றுக் குறைவான சத்தே வெளியே வரும். ஊறுகாய்ப் புல்லின் பெருமை, ஐப்பசியில் விளைந்ததைச் சித்திரை வெயிலில் பச்சைத் தீவனமாகக் கொடுக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

## வைக்கோல் ஏன் தானாகப் புளிப்பதில்லை

நெல் முற்றும்போது பயிர் தன் சத்தையெல்லாம் கதிருக்கு அனுப்பிவிடுகிறது. வைக்கோலில் மிஞ்சுவது செடியின் சட்டகம். அதில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் நிறைய இருக்கிறது. செல்லுலோஸ் என்பது சர்க்கரைத் துகள்கள் கோத்த சங்கிலி. உடைக்க முடிந்தால் உணவு. அதைச் சுற்றி லிக்னின் என்ற கட்டைப் பொருள் இறுகப் பிணைந்திருக்கிறது. நெல் வைக்கோலில் போதாக்குறைக்கு மணற்சத்தான சிலிக்காவும் சேர்ந்திருக்கிறது; அதனால்தான் அது கையை அறுக்கிறது.

லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு உடனே கரையும் சர்க்கரை வேண்டும். அதனால் செல்லுலோஸைத் தொட முடியாது, லிக்னினை அறவே முடியாது. வைக்கோலில் வெல்லப்பாகு ஊற்றி மூடினால் பாக்டீரியா வெல்லத்தைத் தின்று புளிப்பாக்கும். நாற்றம் குறைந்து, மாடு விரும்பித் தின்னும் பதம் வரும். லிக்னின் இருந்தபடியே இருக்கும். லிக்னினை அரிக்க வல்லவை சிப்பிக் காளான் போன்ற பூஞ்சைகள். அவற்றுக்குக் காற்று வேண்டும். மூடிய டிரம் அவற்றுக்குச் சவப்பெட்டி.

## மாட்டின் வயிறே பெரிய நொதிகலம்

வைக்கோலைத் தின்று மாடு எப்படி உயிர் வாழ்கிறது? மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதலாவதான பெருவயிற்றை ரூமென் என்பார்கள். நன்கு வளர்ந்த கறவை மாட்டில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றில்லாமல், கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன. டிரம்மில் இருக்கும் பாக்டீரியாவைப் போலில்லாமல் இவற்றுக்குச் செல்லுலோஸை உடைக்கத் தெரியும். உடைத்த பின் இவை வெளியிடும் அமிலங்கள் பெருவயிற்றின் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கின்றன. மாட்டுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி அதிலிருந்துதான்.

புரதத்தின் கதை இன்னும் சுவையானது. இந்த நுண்ணுயிர்கள் நைட்ரஜனை அமோனியா வடிவில் எடுத்துத் தங்கள் உடல் புரதத்தைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அவையே தீவனக் கூழோடு சேர்ந்து நான்காவது அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, செரிக்கப்படுகின்றன. மாடு நுண்ணுயிருக்குத் தீவனம் போடுகிறது. பிறகு நுண்ணுயிரையே தின்கிறது. புரதமே இல்லாத ஒரு நைட்ரஜன் பொருளை மாடு, எருமை, ஆடு ஆகியவை பயன்படுத்த முடிவது இதனால்தான். பன்றிக்கும் கோழிக்கும் இந்த வசதி கிடையாது. பெருவயிறு இன்னும் வளராத இளங்கன்றுக்கும் கிடையாது.

ஒரு நிபந்தனை உண்டு. அமோனியாவைப் புரதமாக்க நுண்ணுயிருக்கு அதே நேரத்தில் ஆற்றலும் வேண்டும்; அதாவது தவிடு, தானியம், பசும்புல் போல எளிதில் கரையும் மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும். அது இல்லையென்றால் அமோனியா இரத்தத்துக்குப் போகும். அளவு மீறினால் நஞ்சாகும்.

## 'புரதம் 25 சதவீதம்' என்ற எண்ணைப் படிக்கும் விதம்

ஆய்வகச் சீட்டில் கச்சாப் புரதம் என்று ஒரு வரி இருக்கும். ஆய்வகம் பெரும்பாலும் புரதத்தை நேராக அளப்பதில்லை. பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் இந்தக் கணக்கு. பிண்ணாக்குக்கு இது சரியாகவே வரும்.

இதே கணக்கை யூரியா மூட்டைக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டையிலேயே 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருக்கிறது. 46 பெருக்கல் 6.25, கச்சாப் புரதம் 287 சதவீதம்! யூரியாவில் ஒரு துளிப் புரதமும் கிடையாது.

கோழி எருவின் கவர்ச்சி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் வழி இல்லை. உடலின் கழிவு நைட்ரஜன் யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறுகிறது. எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் படலம் அதுதான். கறிக்கோழிப் பண்ணையின் தரையில் பரப்பிய உமி, மரத்தூள் போன்ற கூளத்தோடு கலந்த எருவைக் காயவைத்து ஆய்ந்தால் கச்சாப் புரதம் 25 சதவீதத்தை ஒட்டி வருவதுண்டு. அதில் ஏறத்தாழ பாதிதான் உண்மைப் புரதம். மீதி பெரும்பாலும் யூரிக் அமிலம். அசைபோடும் கால்நடைக்கு அது பயன்படும். யூரியாவைவிட மெதுவாக அமோனியாவாக மாறுவதால் ஓரளவு பாதுகாப்பானதும்கூட. ஆனால் '25 சதவீதம்' என்ற எண்ணைக் கடலைப் பிண்ணாக்கின் எண்ணோடு பக்கத்தில் வைத்து விலை ஒப்பிடுவது கணக்கே அல்ல.

மாட்டுச் சாணத்தின் நிலை இதைவிட மோசம். பெருவயிறு தன்னால் ஆனமட்டும் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய நாரும் லிக்னினும்தான் சாணம். அதையே திரும்பக் கொடுத்தால் கிடைப்பது சொற்பம்.

சுருக்கமாக: டிரம் காக்கிறது, பெருவயிறு செரிக்கிறது, நைட்ரஜன் முன்பே எருவில் இருந்தது.

## யூரியா வைக்கோல்: நொதித்தல் என்று அழைக்கப்படும் வேறொன்று

வைக்கோலை 21 நாள் மூடி வைக்கும் செய்முறை யூரியா வைக்கோலுக்கு உரியது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் கரைசலைத் தெளித்து, மிதித்து, மேலே காற்றுப் புகாமல் மூட வேண்டும். வைக்கோலிலேயே இருக்கும் பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா நாருக்குள் ஊடுருவி அதை உப்ப வைத்து, லிக்னின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது.

இது புளிப்பதில்லை. பி.எச். கீழே இறங்காமல் மேலே ஏறுகிறது. சவர்க்காரம் போன்ற காரத்தன்மைதான் இங்கே காவல். அதனால் ஊறுகாய்ப் புல்லின் செய்முறையையும் யூரியா வைக்கோலின் செய்முறையையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். அமிலமும் காரமும் சேர்ந்தால் இரண்டுமே மிஞ்சாது.

போரைப் பிரிக்கும்போது முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள். அமோனியா கண்ணைக் கரிக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் உருவி, சில மணி நேரம் காற்றாட விரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வைக்கோல் பழுப்பேறி, பிடித்தால் மெத்தென்று இருக்கும். சாதாரண வைக்கோலில் 3 அல்லது 4 சதவீதமாக இருக்கும் கச்சாப் புரதம் 7 அல்லது 8 ஆகும். மாடு கூடுதலாகத் தின்னும், கூடுதலாகச் செரிக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு குடிக்கும் இடத்தில் வைத்துவிட்டு நகரவும் கூடாது. அதைக் குடித்த மாடு வயிறு உப்பி, நடுங்கி, சிறிது நேரத்திலேயே இறந்துபோகலாம்.

## எருத் தீவனம் எங்கே பிறந்தது

எருவையும் காய்ந்த புல்லையும் கலந்து நொதிக்க வைக்கும் முறை 1960-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. பி. ஆந்தனி என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளால் பேர் பெற்றது. ஈரமான மாட்டெரு 57 பங்கு, அரைத்த காய்ந்த புல் 43 பங்கு. எருவின் ஈரமும் புல்லின் வறட்சியும் சேர்ந்து சரியான பதம் வந்தது. தானியத்தைக் கொட்டி வளர்க்கும் இறைச்சி மாட்டுக் கொட்டில்களின் எரு அது. செரிக்காத தானியமே அதில் கணிசமாக இருக்கும். நம் வைக்கோல் தின்னும் மாட்டின் சாணத்தை அதோடு ஒப்பிட முடியாது.

பின்னாளில் கவனம் கறிக்கோழிக் கூளத்துக்கு மாறியது. கூளத்தைக் குவியலாக ஏற்றி மூடினால் உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடேறி, சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும் என்று கண்டார்கள். அதையும் தானியத்தையும் கலந்து பனிக்காலத்தில் இறைச்சி மாடுகளுக்குக் கொடுத்தார்கள்.

நொதிக்க வைப்பதில் எரு இன்னொரு முரண்டும் பிடிக்கும். அதிலுள்ள அமோனியாவும் தாது உப்புகளும் உருவாகும் அமிலத்தை உடனுக்குடன் விழுங்கிவிடும். மக்காச்சோளம் எளிதில் புளிக்கும் இடத்தில், எருக் கலவையின் பி.எச். 5-க்குக் கீழே இறங்கவே மல்லுக்கட்டும். அதனால்தான் தானிய மாவோ கரும்பாலைப் பாகோ தாராளமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைச் செய்முறைக்காரர்கள் கணக்கில் காட்டுவதில்லை.

## புளிப்பும் சூடும் கொல்லாதவை

நோய்க்கிருமி செத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது பெரிய தவறு. எருவில் உயிரில்லாத ஆபத்துகளும் இருக்கின்றன.

தாமிரம் ஒன்று. கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாமிர உப்பு எச்சத்தில் தேங்கும். உலோகத்தை எந்த பாக்டீரியாவும் உடைக்க முடியாது. மாடு ஓரளவு தாங்கும். செம்மறியாடு தாங்காது. தாமிரம் அதன் ஈரலில் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் சேர்ந்து, ஒரு நாள் மொத்தமாக இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் சிவக்கும், ஆடு சாகும். அன்றைக்கு என்ன தின்றது என்று தேடினால் விடை கிடைக்காது.

இரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழிக்குக் கொடுக்கும் மருந்துகளின் எச்சம் இன்னொன்று. மதுராமைசின் என்ற மருந்து கலந்த கோழிக் கூளத்தைத் தின்ற மாடுகள் இதயம் பழுதாகி இறந்தது தென்னாப்பிரிக்காவிலும் இஸ்ரேலிலும் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, செத்த கோழி. கூளத்தில் புதைந்த ஒரே ஒரு பிணத்தில் பாட்யூலிசம் என்ற வாத நோயை உண்டாக்கும் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரந்திருந்தால் போதும். மாடு கால் தளர்ந்து விழும், நாக்கு தொங்கும், மூச்சு நிற்கும். அந்த பாக்டீரியாவின் வித்துகள் புளிப்பிலும் குவியலின் சூட்டிலும் பிழைக்கும்.

இதனால் அரசுகளின் நிலையும் தள்ளாடியிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1967-இல் கோழிக் கூளத் தீவனத்தை ஏற்கவில்லை என்றது. 1980-இல் அந்த நிலையைக் கைவிட்டு முடிவை மாநிலங்களிடம் விட்டது. மாட்டின் மூளையைப் பாதித்துக் கொல்லும், இறைச்சி எலும்புத் தூள் வழியாகப் பரவும் பித்த மாட்டு நோயின் அச்சத்தில், சிந்திய கோழித் தீவனத்தின் இறைச்சி எலும்புத் தூள் கூளம் வழியாக மாட்டுக்குப் போகும் என்று 2004-இல் தடை அறிவித்தது. அந்தத் தடை கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, எப்படிப் பதப்படுத்தினாலும் எருவும் சிறுநீரும் தீவனத்தில் கூடாது என்று சட்டமாகவே வைத்திருக்கிறது.

## கறவை மாடு வைத்திருப்பவருக்கு

கோழிக் கூளத் தீவனத்தை அனுமதித்த இடங்களிலும் இரண்டு விதிகள் இருந்தன: பால் கறக்கும் மாட்டுக்குக் கொடுக்காதே, இறைச்சிக்கு வெட்டுவதற்கு 15 நாள் முன்பே நிறுத்து. மருந்து எச்சம் பாலில் வரும் என்பதே காரணம். தமிழ்நாட்டில் மாடு வளர்ப்பது பெரும்பாலும் பாலுக்காக. ஆக இந்தச் செய்முறையில் நமக்கு இடமே இல்லை என்பது என் தீர்மானம். பெட்டிக்கூண்டு முட்டைக்கோழியின் எருவென்றாலும் இதே பதில்தான். கூடுதலாக அதில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பலும் அதிகம். உமி பரப்பிய கூளத்தில் கணிசமான பகுதி வெறும் உமி.

வைக்கோலுக்கு யூரியா முறையும், பச்சையாக வெட்டிய கரும்புத் தோகைக்கும் மக்காச்சோளத் தட்டைக்கும் ஊறுகாய்ப் புல் முறையும் போதும். எருவைத் தீவனமாக்கியே தீர வேண்டுமென்றால் நடுவில் இன்னோர் உயிரை வைப்பது நல்லது. கிராமங்களில் இது பழைய வேலை. பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணித் துண்டு, வைக்கோல் இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் நிலத்தில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளையாக நெளியும். கோழிக்குஞ்சுகள் ஓடி வரும். செல்லுலோஸை உடைக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் கரையானின் குடலிலும் புற்றிலும் இருக்கின்றன. டிரம்மால் முடியாததை அவை ஓரிரவில் தொடங்கிவைக்கின்றன. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் பானையை வைக்க வேண்டாம்.

மாட்டுக்கென்றால் அசோலா. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இதைத் தீவனமாகப் பரப்பியது. தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் மண்ணும் சாணக் கரைசலும் கலந்த தண்ணீரில் மிதக்கும் சிறு பெரணி இது. இதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. இங்கே புரதம் உண்மையாகவே புதிதாக உண்டாகிறது. இதற்கும் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். காய்ந்த எடையில் சுமார் 25 சதவீதம் புரதம் என்றாலும், பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் 20 கிராமுக்கும் குறைவான புரதமே கிடைக்கும். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல். பிண்ணாக்கைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது. அரித்தெடுத்த அசோலாவைச் சல்லடையில் போட்டு, சாண வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசித் தவிட்டோடு பிசைந்து வைக்க வேண்டும். முதல் சில நாட்கள் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவிட்டைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் பழகிவிடும்.